பாஸாகாத பன்றி

தகும்பாய் ஊருக்குள் நுழைகிற வளைவில், இரண்டு தென்னை மரங்களுக்கு நடுவே, ஆகஸ்ட் மாதத்தில் ஒரு காலை ஃபிளெக்ஸ் பேனர் ஒன்று முளைத்திருந்தது. அதில் முக்கால்வாசி இடத்தை எங்கள் ஊர்த் தலைவர் எமெரன்சியானோவின் சிரித்த முகம் அடைத்துக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் ஊர்த் தலைவரை 'கப்' என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய மோவாய்க்குக் கீழே, ஒரு மூலையில், தபால்தலையைக் கொஞ்சம் இழுத்துவிட்ட மாதிரி டெலினா டீச்சரின் முகம். பக்கத்தில் எழுத்து: 'ஆசிரியர் உரிமத் தேர்வில் வெற்றி பெற்ற எங்கள் ஊரின் பெருமை தியோடெலினா காகுலாடா, எல்.பி.டி. அவர்களுக்கு வாழ்த்துகள்! இப்படிக்கு உங்கள் கப்.'

எல்லாம் சரிதான். ஒரே ஒரு சின்னக் குறை. டெலினா இன்னும் அந்தத் தேர்வை எழுதவே இல்லை.

சந்தைக்குப் போகிற வழியில், புருஷன் ஹெனோ வாடகைக்கு ஓட்டும் டிரைசைக்கிளில், மோட்டார் சைக்கிளோடு ஒட்டிய பெட்டிக்குள் உட்கார்ந்தபடிதான் அவள் அதைப் பார்த்தாள். பார்த்ததும் "நிறுத்துங்க!" என்று ஒரு கத்து. ஹெனோ பதறிப்போய் பிரேக் பிடித்தான். பின்னால் வந்த கோழி வியாபாரி வண்டியோடு வாய்க்காலுக்குள் போய்விட்டுத் திரும்பி வந்தான்.

"லாங்கா, உன் போட்டோ நல்லாத்தான் விழுந்திருக்கு," என்றான் ஹெனோ. அவன் அவளைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவான்.

"போட்டோவா முக்கியம்? என்ன எழுதியிருக்குன்னு படிங்க!"

ஹெனோ நிதானமாகப் படித்தான். "பாஸாயிட்டியாமே. எங்கிட்ட சொல்லவே இல்ல?"

இவனிடம் பேசி என்ன ஆகப்போகிறது? டெலினா இறங்கி, நேரே ஊர் அலுவலகத்துக்கு நடந்தாள்.

இவள் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் நாட்டுப் பள்ளிகளில் பாட்டு, ஓவியம், விளையாட்டு, சுகாதாரம் இந்த நாலையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரே டீச்சர் தலையில் ஏற்றிவிடுவார்கள். டெலினா அந்த மூட்டையைச் சுமக்கிற டீச்சர். மாதா கோயில் பள்ளியில் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே சுமக்கிறாள். ஆனால் தன் பாடம் தனக்குத் தெரியும் என்று அரசாங்கத் தேர்வில் நிரூபித்தால்தான் உரிமம் கிடைக்கும், பெயருக்குப் பின்னால் எல்.பி.டி. என்று போட்டுக்கொள்ளலாம், அரசுப் பள்ளியில் நிரந்தர வேலையும் கேட்கலாம். டெலினா எழுதிப் பார்த்தாள். மறுபடி எழுதினாள். ஒவ்வொரு தடவையும் விளையாட்டும் சுகாதாரமும் ஓவியமும் அவளைத் தூக்கிக் கரைக்குக் கொண்டுவரும், பாட்டு காலைப் பிடித்து இழுத்து உள்ளே தள்ளிவிடும். அவளுக்குப் பாட்டுக் காதே கிடையாது. இரண்டு சுரத்தை அடுத்தடுத்து வாசித்து எது மேலே, எது கீழே என்று கேட்டால், "எல்லாம் அடுத்த வீட்டிலிருந்துதானே வருது?" என்கிற ஆள்.

இந்தத் தடவை கதை வேறு. உரிமம் இல்லாதவர்களை அடுத்த வருஷம் வைத்துக்கொள்ள முடியாது என்று மாதா கோயில் பள்ளி கையை விரித்துவிட்டது. அரசுப் பள்ளியில் ஒரே ஒரு இடம் காலியாகப் போகிறது. இதை விட்டால் டெலினா வீட்டில் உட்கார்ந்து பன்றிக்குத் தவிடு கரைக்க வேண்டியதுதான். இந்த நிலைமையில்தான் இந்தப் பேனர்.

கப் தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு காய்வதற்காக விசிறி முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"கப், என்ன வேலை பாத்து வச்சிருக்கீங்க? நான் இன்னும் பரீட்சையே எழுதலையே!"

"தெரியும் டீச்சர். உக்காருங்க. காபி சாப்பிடுறீங்களா?"

"காபியும் வேணாம், ஒண்ணும் வேணாம். மொதல்ல அதக் கழட்டுங்க."

"கழட்டுறதா? அடுத்த வாரம் தேர்தல் கட்டுப்பாடு வந்துரும் டீச்சர். அப்புறம் என் மூஞ்சி ரோட்ல தொங்கக் கூடாதாம். அதுக்குள்ள யாரயாவது வாழ்த்தியாகணும். இந்த வருஷம் பாத்து ஊர்ல ஒரு பய எதுலயும் ஜெயிக்கல. நர்ஸ் இல்ல, போலீஸ் இல்ல, அழகிப் போட்டிக்குப் போன பொண்ணும் வயித்துவலின்னு திரும்பி வந்துருச்சு. நான் யாரத்தான் வாழ்த்துறது, நீங்களே சொல்லுங்க."

"அதுக்காக?"

"நீங்க எப்படியும் பாஸ் பண்ணப் போறவங்கதான? கொஞ்சம் முன்னாடியே வாழ்த்திட்டேன். அவ்வளவுதான்."

"சரி, ஃபெயிலாயிட்டா?"

கப் தலையை விசிறிப் பக்கம் திருப்பி நன்றாக யோசித்தார். "ஆகாதீங்க," என்றார்.

அன்றைக்குச் சந்தையில் டெலினாவை முதலில் பிடித்துக்கொண்டவள் மீன்காரி பூரிஸிமா. பூரிங் என்றால்தான் ஊருக்குத் தெரியும். இருவரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. பகல் முழுக்க மீன் வெட்டுவாள், சாயங்காலம் கோயில் பாடகர் குழுவை வெட்டுவாள், ஏனென்றால் குழுத் தலைவி அவள்தான். வருஷக் கணக்காகிறது, ஒரு ஈஸ்டர் ஒத்திகையில் எல்லோர் முன்னாலும், "டெலினா, நீ வாய மட்டும் அசைடி, சத்தம் வேணாம்," என்று சொல்லி, மறுவாரம் வாயசைக்கிறதுகூட மற்றவர்களைக் குழப்புகிறது என்று வெளியே அனுப்பிவிட்டாள். அந்த அவமானம் டெலினாவின் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. சந்தை தொடங்குவதே அந்த வளைவில்தான், பேனரோ முதல் கடையான பூரிங்கின் கடைக்கு நேர் எதிரே தொங்கித் தொலைத்தது.

"வாங்க எல்.பி.டி.! என்ன மீன் வேணும் எல்.பி.டி.க்கு?"

"பூரிங், ஆரம்பிக்காத."

"நான் எங்கடி ஆரம்பிச்சேன்? உங்க கப்தான் முடிச்சே வச்சுட்டாரே. பாட்டுக் காது இல்லாதவ பாட்டு டீச்சரா பாஸாகிட்டான்னு ஊரே நம்பலாம். நான் நம்ப மாட்டேன். பாஸாகு, அப்புறம் நம்புறேன்."

டெலினா மீன் வாங்காமலே வந்துவிட்டாள். வாரம் முழுக்க ஹெனோவுக்குக் கருவாடுதான்.

ஆனால் நம்பாதவள் அவள் ஒருத்திதான். மற்ற எல்லோரும் நம்பித் தொலைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியாரே பெயர் சொல்லி வாழ்த்த, கைதட்டல் கூரையைத் தூக்கியது. டெலினா எழுந்து நின்று, "ஃபாதர், நான் இன்னும் எழுதலை," என்றாள். "என்ன ஒரு அடக்கம் பாருங்கள்!" என்றார் சாமியார். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

எங்கள் பக்கத்தில் தேர்வில் பாஸானவர் ஊருக்கு விருந்து போட்டாக வேண்டும். அது எழுதப்படாத சட்டம். போடாவிட்டால் பிள்ளை பெயர் வைக்கிற சடங்குக்குக்கூட எவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். அன்று மத்தியானமே ஆட்கள் தட்டோடு வந்து முற்றத்தில் உட்கார்ந்தார்கள். பக்கத்துத் தீவிலிருந்து ஹெனோவின் அத்தை படகேறி வந்துவிட்டாள். யாரோ கூடப் பாடினால் மார்க் போடுகிற பாட்டு இயந்திரத்தை வாடகைக்குக் கொண்டுவந்து மின்சாரம் கொடுத்துவிட்டார்கள்.

"எழுதலன்னு சொல்லுங்களேன்!" என்று டெலினா அடுப்படியில் பல்லைக் கடித்தாள்.

"சொன்னேன் லாங்கா. 'அப்ப எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு, எழுதின பின்னாடி ஒண்ணு, ரெண்டு விருந்தா?'ன்னு கேக்கறாங்க. ரெண்டுக்கு நம்மகிட்ட பன்னி இல்ல."

பன்றி ஒன்றுதான் இருந்தது, வெட்டுகிற பருவத்தில். கிறிஸ்துமஸுக்கென்று வளர்த்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹெனோ அதைச் சுட்டான். ஊர் தின்றது. அதன் தோல் மொறுமொறுப்பைப் பற்றி இன்றைக்கும் பேசுகிறார்கள். நானும் தின்றேன், பொய் சொல்வானேன். கப் வந்து பாட்டுப் பாடி, டெலினாவையும் இழுத்துப் பாடவைத்தார். அவள் பாடிய பாட்டுக்கு இயந்திரம் நூற்றுக்கு நூறு போட்டது. அந்த இயந்திரத்துக்கும் காது கிடையாது.

பூரிங் மட்டும் உள்ளே வரவில்லை. இரவல் வாங்கிய சட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்தவள் வேலிக்கு வெளியிலேயே நின்றாள். அத்தை ஒரு தட்டு நிறையக் கறியை எடுத்துக்கொண்டு போய் நீட்டினாள்.

"வேணாம் அத்த," என்றாள் பூரிங், ஊர் கேட்க. "பாஸாகாத பன்னிய நான் தின்ன மாட்டேன். அவ பாஸாகட்டும். அன்னைக்குக் கேட்டு வாங்கித் தின்னுவேன்."

டெலினாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இவள் மூஞ்சியில் கரியைப் பூசியே தீருவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தாள்.

அடுத்த வாரம் தேர்தல் அலுவலகத்து ஆட்கள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். பதவியில் இருப்பவர் முகம் தெருவில் தொங்கக் கூடாது, பேனரை எடுங்கள் என்றார்கள். டெலினா மனசுக்குள் மாதாவுக்கு மெழுகுவத்தியே நேர்ந்துகொண்டாள். கப் அசைவாரா?

"என் மூஞ்சிதான தப்பு? டீச்சர் மூஞ்சி தேர்தல்ல நிக்கலையே?"

பூரிங்கிடம் மீன் கத்தியை வாங்கி, ஏணியில் ஏறி, தன் தலையைக் கிராப்பிலிருந்து மோவாய் வரை வளைத்து அறுத்து எடுத்துக்கொண்டார். மிச்சம் அப்படியே தொங்கியது. அன்றிலிருந்து ஊருக்குள் வருகிறவர்களை ஒரு பிரம்மாண்டமான ஓட்டை வரவேற்றது. ஓட்டையின் ஓரத்தில் டெலினா சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னத்தருகே எல்.பி.டி. பளிச்சென்று தெரிந்தது. முன்பாவது கப்பைப் பார்த்தார்கள், இப்போது பார்ப்பதற்கு அவளைத் தவிர வேறு ஆள் இல்லை. இளவட்டங்கள் அந்த ஓட்டைக்குள் பாஸ்கட்பால் எறிந்து பழகினார்கள்.

டெலினா வெறி பிடித்தவள் மாதிரிப் படித்தாள். பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால் தலை சுற்றியது. தாளம் என்றால் என்ன, மூன்றுக்கும் நான்குக்கும் என்ன வித்தியாசம், எதுவும் உள்ளே போகவில்லை. ஒரு சாயங்காலம் புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிட்டு, மறுநாள் பள்ளியில் சொல்லித்தர வேண்டிய மூங்கில் கழி நடனத்தை ஒத்திகை பார்க்க எழுந்தாள். ஹெனோவும் அத்தையும் தரையில் உட்கார்ந்து கழிகளைத் தட்டினார்கள். அத்தை விருந்துக்கு வந்தவள், இன்னும் கிளம்பவில்லை. கழி விலகி இரண்டு முறை தரையைத் தட்டும், ஒரு முறை சேர்ந்து மூடும், நடுவில் ஆடுகிறவள் கால்: உள்ளே, உள்ளே, வெளியே. இதைத் தூக்கத்தில்கூடத் தவறாமல் ஆடுவாள் டெலினா. நடுவில் அப்படியே நின்றுவிட்டாள். கழி கணுக்காலில் 'சொத்'தென்று விழுந்தது.

"ஐயோ! காலு!" என்று ஹெனோ அலறினான்.

"கால விடுங்க! மூணு! இதுதாங்க மூணு! வால்ட்ஸ் ஆட்டத்துக்கும் இதே மூணுதான்! அணிவகுப்புக்கு ரெண்டு! அட மடச்சி, இத்தன வருஷமா நான் ஆடிக்கிட்டே இருந்திருக்கேன்!"

அதற்கப்புறம் எல்லாவற்றையும் காலுக்குள் ஏற்றினாள். சுர வரிசையில் எங்கே முழு இடைவெளி, எங்கே அரை இடைவெளி என்பது குழப்பமா? முற்றத்தில் தேங்காய் மட்டைகளை வரிசையாக வைத்தாள். முழுசுக்கு எட்டித் தாவல், அரைக்குக் கிட்டத் தாவல். அப்படியே போய், அப்படியே திரும்பி வந்தாள். வேலியோரம் கூடையோடு போன பூரிங் நின்று பார்த்தாள்.

"என்னடி எல்.பி.டி., தவளைப் பிரிவுலயா பரீட்சை எழுதுற?"

டெலினா அரை இடைவெளி ஒன்றைத் தாவிக் காட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தேர்வு நாளன்று ஊரே கிளம்பி வழியனுப்பியது. பாஸானவளை எதற்கு வழியனுப்புகிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. அத்தை காலையில் முட்டையைக் கண்ணில் காட்டவில்லை, முட்டை மார்க் வாங்கிவிடுவாளாம். அதிர்ஷ்டத்துக்கு உள்ளே சிவப்பு உடுத்தச் சொன்னாள். ஏற்கெனவே பாஸான யாரோ ஒருத்தியின் பென்சிலைக் கடன் வாங்கி வைத்திருந்தாள். வீட்டைப் பெருக்கினால் படித்தது வெளியே போய்விடும் என்று துடைப்பத்தை ஒளித்துவைத்தாள்.

நகரத்துப் பள்ளியில் தேர்வறை. முதல் தாள்கள் நல்லபடியாகப் போயின. பாடத் தாள் வந்தது, பாட்டுக் கேள்விகள் வந்தன, டெலினாவின் கால் தானாக ஆரம்பித்தது. தக், தக்தக். தக், தக்தக். அறை நிசப்தமாக இருந்தது. மேற்பார்வைக்கு நின்ற இளைஞன் காதைத் தீட்டிக்கொண்டு வந்தான். டெலினாவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த தடித்த மனிதர் ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு விடை வட்டத்தைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தார் பாவம், தற்செயலாக.

"மாம், யாருக்கு சிக்னல் குடுக்கறீங்க?"

"சிக்னலா? சார், இது வால்ட்ஸ்!"

"எதுவா இருந்தாலும் நிறுத்துங்க. இல்லன்னா பேப்பர வாங்கிருவேன்."

கால் நின்றால் மூளையும் நின்றுவிடும். பேனர், ஓட்டை, பன்றி, பூரிங் எல்லாம் கண்முன்னால் வந்து போயின. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"சார், எனக்குக் காது கிடையாது சார். கால்தான் இருக்கு. காலத் தட்டாதன்னு சொல்றது, மத்தவங்ககிட்ட கண்ண மூடிக்கிட்டு எழுதுன்னு சொல்ற மாதிரி. கடைசி பெஞ்சுல தூக்கிப் போடுங்க. செருப்ப வாங்கிக்கங்க. கால மட்டும் விட்டுருங்க சார், உங்களுக்குப் புண்ணியமா போகும்!"

அவன் குனிந்து அவள் காலைப் பார்த்தான். பிறகு அவளைக் கடைசி மூலைக்கு மாற்றி, செருப்பை வாங்கிக்கொண்டுபோய்த் தன் மேசைமேல் தேர்வுத்தாள் கட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டான். டெலினா வெறும் காலால் சத்தமில்லாமல் மிதித்து மிதித்து எழுதினாள். சுர வரிசைக் கேள்விக்கு மட்டும் பெஞ்சுக்கு அடியில் இரண்டு காலாலும் குட்டியாகத் தாவ வேண்டியிருந்தது. எழுதி முடித்ததும், இனி இந்தத் தேர்வு எழுத வேண்டி வரக் கூடாது என்று எங்கள் பக்கத்து வழக்கப்படி பென்சிலை ஒடித்துவிட்டு வந்தாள். இரவல் பென்சில் என்பது வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது.

முடிவு வருவதற்குள் தேர்தல் வந்தது. கப் ஜெயித்தார். அப்புறம் ஒரு புயல் மழை பேனரைப் பிய்த்து ரோட்டில் போட்டது. நல்ல ஃபிளெக்ஸை எவன் வீணாக்குவான்? ஹெனோ அதைச் சுருட்டிக்கொண்டுவந்து பன்றிக் கொட்டிலுக்கு மழைத்தடுப்பாகக் கட்டினான். மிச்சமிருந்த பெண்பன்றி கப்பின் ஓட்டை வழியாகத் தலையை நீட்டித் தெருவை வேடிக்கை பார்க்கக் கற்றுக்கொண்டது. தலைக்குமேல் 'எங்கள் ஊரின் பெருமை' என்று எழுதியிருந்தது.

முடிவு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. ஹெனோ பயணிகளோடு துறைமுகத்துக்குப் போயிருந்தான். அத்தையும் அன்றைக்குப் பார்த்துத்தான் ஊருக்குக் கிளம்பியிருந்தாள். டெலினா போனை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கிற பாஸ்கட்பால் மைதானத்துக்கு ஓடினாள். பெயர்கள் மேலே மேலே நகர்ந்தன. காகுலாடா, தியோடெலினா. கண்ணைக் கசக்கிப் பார்த்தாள். அவள்தான், சாட்சாத் அவளேதான்! அங்கேயே ஒரு முழு இடைவெளி தாவினாள்.

முதலில் கப்பிடம் ஓடினாள். "கப்! பாஸாயிட்டேன்!"

"தெரியுமே டீச்சர்."

"இல்ல கப், இப்ப நெஜமாவே!"

"அப்ப ஆகஸ்ட்ல நான் வாழ்த்தினது பொய்யா?" கப்புக்கு முகம் சுண்டிவிட்டது. "பேனரெல்லாம் இனிமே எதுக்கு, தேர்தல்தான் முடிஞ்சுபோச்சே."

தெருவில் கண்டவரிடமெல்லாம் சொன்னாள். "மறுபடியுமா?" என்றார் ரொட்டிக்கடைக்காரர். "முதல்ல பாஸானது செல்லாமப் போச்சா?" என்று கவலைப்பட்டாள் தையல்காரி. "ரெண்டாவது பன்னி எப்போ?" என்றான் ஒருவன். சாமியார், "பூசையில் ஏற்கெனவே சொல்லிவிட்டேனே மகளே," என்று ஆசீர்வாதத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார். அரசுப் பள்ளித் தலைமை ஆசிரியைக்கு போன் போட்டாள். "வாங்க, வாங்க! பேனரப் பாத்த அன்னைக்கே உங்களுக்குன்னு அந்த இடத்தப் பிடிச்சு வச்சுட்டேன். ஏன் இவ்வளவு நாளா ஆளக் காணோம்னுதான் யோசிச்சுட்டிருந்தேன். சான்றிதழோட வந்து சேருங்க," என்றார்கள்.

வேலை கிடைத்துவிட்டது. உரிமம் கிடைத்துவிட்டது. ஆனாலும் டெலினா வீட்டுக்கு வந்து பன்றிக் கொட்டில் பக்கத்தில் தவிட்டு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள். இத்தனை வருஷம் இந்த நாளுக்காகத் தவம் கிடந்தவள். அந்த நாள் வந்திருக்கிறது, ஊர் அதை ஆகஸ்டிலேயே தின்று ஏப்பம் விட்டுவிட்டது. ஓட்டை வழியாகத் தலையை நீட்டிய பன்றியிடம், "நான் பாஸாயிட்டேன்," என்று சொல்லிப் பார்த்தாள். அதுவும் தெரியும் என்கிற மாதிரி தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

அப்போது வேலிப் படல் படாரென்று திறந்தது. பூரிங். செதிலும் ரத்தமுமாக ஏப்ரன்கூடக் கழற்றவில்லை. மூச்சிரைக்க ஓடி வந்தவள் மீன் கூடையைத் தொப்பென்று கீழே வைத்தாள்.

"டீ! ரொட்டிக்கடையில சொன்னாங்க. நெஜமாவாடி?"

டெலினா போனை நீட்டினாள். பூரிங் ஈரக் கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு வாங்கி, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தாள். படித்துவிட்டு "மாதாவே!" என்று அலறினாள் பாருங்கள், கொட்டிலுக்குள் பன்றி பயந்து சுற்றியது.

"பாட்டுலயுமாடி பாஸாயிட்ட? நீயா? அடி பாவி! அடி என் தவளையே!" பூரிங் அவளைக் கட்டிப்பிடித்துத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். டெலினா முழுக்க மீன் நாற்றம். "ஏண்டி கல்லு மாதிரி இருக்க? சந்தோஷமா இல்லையா?"

"ஊருக்கு ஏற்கெனவே தெரியுமாம்."

"அவங்களுக்கு என்னடி தெரியும்? அவங்கல்லாம் அன்னைக்கே நம்பித் தொலச்சவங்க. இந்த ஊர்ல உன்ன நம்பாதவ நான் ஒருத்திதான். அதனால இன்னைக்கு எனக்கு மட்டும்தான் இது புதுசு!" பூரிங் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். "எங்க என் பன்னி? பாஸானா கேட்டு வாங்கித் தின்னுவேன்னு சொன்னேன்ல?"

"எல்லாரும் தின்னுட்டாங்கடி. ஒரு எலும்புகூட இல்ல."

"தெரியும். அதான் கடைய மூடிட்டு இருந்த நல்ல மீனயெல்லாம் அள்ளிக்கிட்டு வந்தேன். அடுப்ப மூட்டு."

டெலினா அடுப்பு மூட்டினாள். இருவருமாகச் சுட்டு, வாழை இலையில் போட்டு, உப்பும் புளிக்காடியும் தொட்டுச் சாப்பிட்டார்கள். முதல் வாய் வைத்ததும் டெலினாவுக்கு உடைந்துபோயிற்று. காலையிலிருந்து அடக்கிவைத்த அத்தனையும் சேர்ந்து வாய்விட்டுக் கேவினாள். பெருங்கேவல், ஏறி இறங்கி, எங்கே நிற்கும் என்று தெரியாத கேவல்.

பூரிங் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"அழுகையிலகூட சுதி சேரலடி உனக்கு," என்று சொல்லி, பெரிய மீனாகப் பார்த்து அவள் இலையில் வைத்தாள்.